அவனுக்குப் புது விமானம், எங்களுக்குப் புது மெஷின்

இன்னிக்கு ஆம்பூர் பஸ்ஸுல பள்ளிக்கூட தோஸ்த் டேனியலைப் பார்த்தேன். சின்ன ஊருக்கெல்லாம் பறக்கணும்னு புதுசா ஆரம்பிச்ச விமானக் கம்பெனியில பைலட். லீவுல வந்திருக்கான்.

"எங்க பைலட் சங்கம் ஜெயிச்சிடுச்சுடா! புது விமானம் ஆர்டர் குடுத்துட்டாங்க, ஓட்ட ஆள் கம்மி. கேட்ட சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டாங்க"ன்னான்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் பேரணாம்பட்டுல தோல் பதனிடுற ஷாப்ல யூனியன் செயலாளர். நேத்து சம்பளம் பேசப் போனோம். "புது மெஷின் வருது, பாதிப் பேர் போதும்"னாரு முதலாளி.

இதைச் சொன்னதும், "நீ இன்னா கேட்டே?"ன்னான் டேனியல்.

"யாரையும் நிறுத்தாதீங்கன்னு கேட்டேன்."

அவன் சிரிப்பு நின்னுடுச்சு. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லல.

மெஷின் வந்தும் ஆளை நிறுத்தாத ஷாப் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா எந்த வயசு வரைக்கும் விமானம் ஓட்டக் கத்துக்கலாம்னாவது சொல்லுங்க.