துப்பத் தெரிந்த மருமகள்

குடிகாரியாம்! பட்டப்பகலில் ஹோட்டல் வாசலில் தள்ளாடி வந்தாளாம்! யார் சொன்னது, பக்கத்து வீட்டுத் தையல்காரிதானே? என் முன்னால் வந்து சொல்லட்டும். என் மருமகள் பதினோரு வருஷம் அந்த ஹோட்டலில் ஒயின் ருசி பார்த்தாள். ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கியதில்லை. வாயில் வைப்பாள், கொப்பளிப்பாள், பக்கத்துக் குடுவையில் துப்பிவிடுவாள். துப்புவதற்குச் சம்பளம் வாங்கியவள் இந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் சும்மாவே துப்புகிறார்கள்.

நானும் முதலில் முகம் சுளித்தவள்தான், மறைக்கவில்லை. பிறகு பார்த்தேன். வேலை நாளில் தலைக்கு எண்ணெய் கிடையாது, பவுடர் கிடையாது, பச்சை வெங்காயம் தொடமாட்டாள். காலையில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்காருவாள். மிளகு, கிராம்பு, ஈர மண் என்று நான் மூக்கருகே நீட்ட வேண்டும். ஒருநாள் குறும்புக்கு என் பழைய செருப்பை நீட்டினேன்.

"இடது கால், அத்தே," என்றாள்.

வம்பு வந்தது ஜெர்மனியிலிருந்து. முதலாளி அங்கேயிருந்து சிவப்பு ஒயின் வரவழைத்தார். தித்திப்பே இல்லாதது, நிறமும் வெளிறியது. பாட்டிலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணி கலந்துட்டானுங்களா?"

"இதோட நிறமே இதுதான் சார். செர்ரி வாசம் வரும். லேசா குளிர வச்சு, காளானோட, வாத்துக் கறியோட குடுக்கலாம். காரம் மட்டும் வேணாம், வாயெல்லாம் எரியும்."

அதை ஊருக்குக் காட்ட ஒரு மதிய விருந்து வைத்தார். அன்று இவள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாள். அதைக் கொடுக்கப் போன நான் ஹோட்டல் அடுப்படிக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

பாட்டிலைத் திறந்ததும் முதல் வாய் இவள்தான் பார்க்க வேண்டும், அதுதான் அங்கே முறை. அன்று முதலாளி பாட்டிலைப் பிடுங்கி, ஒயின் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற தாடிக்காரருக்கு ஊற்றிவிட்டார். தாடிக்காரர் கண்ணை மூடினார். "ஆகா! மழை விட்ட காடு!" என்றார். மேசை முழுக்கக் காட்டுக்குள் போய்விட்டது. ஒருவர் பாசி என்றார், இன்னொருவருக்கு மான் குளம்படிகூடத் தெரிந்தது.

இவள் ஒரு வாய் எடுத்துத் துப்பினாள்.

"மன்னிக்கணும் சார், தக்கை கெட்டு ஒயினும் கெட்டுப்போன பாட்டில் இது. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது. வேற திறக்கிறேன்."

தாடிக்காரர் மேசையைத் தட்டியதில் அவருடைய கிளாஸ் கவிழ்ந்து, இவள் வெள்ளைக் கோட்டுக் கை முழுக்கச் சிவப்பு. முதலாளி இவளைக் கதவோரம் தள்ளிக்கொண்டு வந்தார். நான் நிற்பது அவர் கண்ணில் படவில்லை.

"ஜலதோஷம், மூக்கு அடைச்சிருக்குன்னு போய்ச் சொல்லு. சொன்னா வேலை இருக்கு. இல்லேன்னா வீடு இருக்கு."

என் மகன் வேலையில்லாமல் வீட்டில் இருந்த வருஷம் அது. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சொல்லித் தொலையேன் என்று கையைக்கூட ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

இவள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நான் துப்பினதை அவங்க முழுங்குறாங்க, அது அவங்க இஷ்டம் சார். இன்னைக்கு அடைச்சிருக்குன்னு சொன்னா, நாளைக்கு நான் நல்லாயிருக்குன்னு சொல்றதை யாரு நம்புவா?"

பாட்டில் திறக்கிற தக்கை திருகியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். "வாங்க அத்தே," என்றாள். வேலைக்காரர்கள் பின்கட்டு வழியாகத்தான் போக வேண்டும் அங்கே. இவள் விருந்து நடந்த கூடத்தின் நடுவே என்னையும் கூட்டிக்கொண்டு, பெரிய வாசல் வழியாகவே இறங்கினாள்.

எதிர்க் கடையில் நூல் வாங்கிக்கொண்டிருந்த தையல்காரி அதைத்தான் பார்த்திருக்கிறாள். கோட்டுக் கையில் கறை, உண்மை. தள்ளாடியதும் உண்மை. ஆனால் தள்ளாடியது என் பாழாய்ப்போன முழங்கால். அத்தனை படியும் என்னைத் தாங்கிப் பிடித்து இறக்கியவள் அவள்.