எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

இது நடந்து ரெண்டு வருஷம் இருக்கும். சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில்.

நான் கடலூரில் ஒரு சின்ன டிராவல்ஸில் கைடாக இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு கடலூரில் ஆட்களை வேனில் ஏற்றி, சிதம்பரத்தில் தில்லை காளி கோயில், தேர் ஓடும் நாலு வீதி, நடராஜர் கோயில் எல்லாம் காட்டி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அரை நாள் டூர். சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அன்றைக்கு என் மனசு டூரில் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மூணு மணிக்கு என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா இல்லாத வீடு, எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். லீவு கேட்டும் கிடைக்கவில்லை. தங்கை போன் மேல் போன்.

"அக்கா, எப்போ கிளம்புவ? நீ வராம நான் ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேன், சொல்லிட்டேன்."

மைக்கைப் பிடித்திருந்த கை ஒரு பக்கம், கடிகாரத்தைப் பார்க்கிற கண் ஒரு பக்கம் என்று அல்லாடிக்கொண்டிருந்தேன்.

வேனில் பதினாலு பேர். அதில் ஒருவர் தனியாக டிக்கெட் போட்டு வந்தவர். எழுபது வயசு இருக்கும். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். காளிக்கு எதுக்கு ஊருக்கு வெளியில் கோயில், இவ்வளவு கல்லை எங்கேயிருந்து கொண்டுவந்தார்கள், யார் தூக்கினார்கள்... ஒவ்வொரு கேள்வியும் எனக்கு அஞ்சு நிமிஷ நஷ்டமாகத் தெரிந்தது. மேலுக்குச் சிரித்தேன். உள்ளுக்குள் கொதித்தேன்.

நடராஜர் கோயிலை மதியம் நடை சாத்துகிற நேரம். அவசர அவசரமாக எல்லோரையும் கிழக்கு கோபுரம் வழியாக வெளியே ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்த வாசல் சுவரில் நடன நிலைகளை வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். அவர் அங்கே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு கால மேல தூக்குதா, இல்ல கீழ வைக்குதா?"

"வண்டியில சொல்றேன் சார், வாங்க வாங்க" என்று திரும்பிப் பார்க்காமலே நடந்தேன்.

வேனில் ஏறி, முன்னால் நின்றபடியே தலைகளை எண்ணினேன். பதினாலு. "போலாம் பாய்" என்றேன். டிரைவர் லால்பேட்டைக்காரர், நிதானமான மனுஷர். வண்டி கிளம்பியது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். வேனில் ஒரு கேள்வி இல்லை, பேச்சு இல்லை. அப்பாடா என்று கண்ணை மூடி உட்கார்ந்தேன். அந்த அமைதி எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

புதுச்சத்திரம் வரும்போது கடைசி சீட்டில் ஒரு போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. எழுந்து பின்னால் போனேன். சார்ஜில் போட்டிருந்த பெரியவரின் போன் அவர் துணிப்பைமேல் கிடந்தது. பக்கத்தில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஆள் இல்லை.

போனை எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"அப்பாவா? சுகர் மாத்திரை போட்டீங்களா? சாப்ட்டீங்களா?"

"நான் கைடு பேசறேம்மா. சார் இங்கதான் இருக்காங்க. சாப்ட்டதும் பேசச் சொல்றேன்" என்று வாய் தன்பாட்டில் பொய் சொன்னது. மாத்திரை இருந்த பை என் கையில். மனுஷர் பதினைஞ்சு கிலோமீட்டருக்கு அந்தாண்டை, வெயிலில், போன் இல்லாமல்.

தட்டி எழுப்பியதும் அந்த அம்மா பதறிவிட்டார். "ஐயய்யோ, இது எங்க வண்டி இல்லையா? விடியறதுக்கு முன்ன எழுந்து வந்தது... வெள்ளை வேனு, கதவு தொறந்து கெடந்துச்சு, ஏறி ஒக்காந்தபடியே அசந்துட்டேன்." பண்ருட்டிப் பக்கத்து கிராமத்திலிருந்து உறவுக்காரர்களோடு வந்தவர். அவரிடமும் போன் இல்லை.

பாய் உடனே பிரேக் போட்டார். வண்டியைத் திருப்பினார். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தர் சாப்பாட்டு நேரம் என்று முணுமுணுத்தார். முன் சீட்டில் இருந்த ஒரு டீச்சர், "நாங்களும்தான் அவரப் பாக்கல, நீ அழாத" என்றார். அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தங்கை போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கேயாவது கூட்டம் நின்றால் வண்டியை மெதுவாகப் போகச் சொன்னேன்.

கீழ வீதியில் இறங்கி ஓடினேன். கோபுரத்துக்கு எதிரே எங்களுடையதைப் போலவே ஒரு வெள்ளை வேன். அதன் நிழலில் பத்துப் பதினைஞ்சு பேர். நடுவில் அவர், இலைத்துண்டில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் என்னைக் காட்டியதும் அந்த அம்மாவின் மகன் சத்தம் போட எழுந்தார். பின்னாலேயே அம்மா இறங்குவதைப் பார்த்ததும் பேச்சு நின்று, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகன்தான் அப்புறம் சொன்னார்: "அம்மாவக் காணோம்னு போலீசுக்கு ஓட இருந்தோம். இந்த ஐயாதான் நிறுத்துனாரு. 'நான் இல்லாமயே எங்க வண்டி போயிருக்குன்னா என் எடத்துல யாரோ ஏறியிருக்கணும், அது உங்க அம்மாவா இருக்கும், திரும்ப வரும், இருங்க'ன்னாரு."

பெரியவர் கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். "தலை எண்ணுனியாம்மா?"

"எண்ணுனேன் சார்."

"முகத்தப் பாக்கல."

அவ்வளவுதான். திட்டவில்லை. மாத்திரையைக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார். அவர் மகளிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். எனக்காக அவர் அதை மூடி மறைப்பார் என்று மனசுக்குள் ஒரு ஆசை. அவர் போனைப் போட்டு, "நான் நல்லா இருக்கேம்மா. நடந்தத இந்தப் பொண்ணே சொல்லும்" என்று என்னிடம் நீட்டிவிட்டார். சொன்னேன். அந்தப் பெண் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாமே நியாயமான கேள்விகள்.

வீடு போய்ச் சேர நாலே முக்கால். மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். அந்த இடம் அமையவில்லை. நான் வராததுதான் காரணம் என்று தங்கை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுத்த வருஷம் நெல்லிக்குப்பத்தில் நல்ல இடமாக அமைந்தது.

இன்றைக்கும் அதே டூர், அதே வேலை. ஆனால் வண்டி கிளம்பும்முன் கடைசி சீட்டு வரை நடந்து போய், ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருகிறேன். நச்சரிக்கிற ஆள் திடீரென்று அமைதியாகிவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு எழுந்து போய் அந்த முகத்தைப் பார்த்தால்தான் நிம்மதி.