டேப்பு பிடித்துச் சொன்ன ஆரூடம்

குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து முக்கில் ஓர் அக்கா தையல்கடை வைத்திருந்தார். மாசமான பெண்கள் ஜாக்கெட்டைப் பெரிதாக்கவும் நைட்டி தைக்கவும் அவரிடம்தான் போவார்கள். வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்ததும், "ஆணு" அல்லது "பெண்ணாக்கும்" என்று சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் ஸ்கேனைவிட அவர் வாக்குக்கு மதிப்பு அதிகம்.

எனக்கு அதில் எரிச்சல்தான். பலித்த வீட்டுக்காரர்கள், இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுவதில் தொடங்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பலிக்காத வீட்டில் பிள்ளை வந்த சந்தோஷத்தில் யாருக்கு அது ஞாபகம்? சொல்லச் சொல்ல மனதில் நிற்கிறது, சொல்லாதது உதிர்ந்துவிடுகிறது. நம் மூளையின் லட்சணம் இவ்வளவுதான் என்று அலட்சியமாகப் பேசித் திரிந்தேன்.

அந்தப் பேச்சுக்கு அடியில் என் நோவு இருந்தது. என் முதல் பிரசவத்துக்கு அக்கா ஆண் என்றார். பெண் பிறந்தாள். மூன்று நாள்தான் இருந்தாள். நான் வருந்தக்கூடாது என்று வீட்டில் யாரும் பிறகு அவளைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவதுக்கு நான் அக்காவிடம் போகவே இல்லை. மகன் பிறந்ததும் அவனையே மூத்தவன் என்றார்கள். அவன் நடக்கத் தொடங்கியபோது, அவள் முகம் எனக்கே மங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டால் அவள் பிறக்காதவளாகிவிடுவாள் என்று பயந்தேன்.

மூன்றாம் முறை மாமியார் என்னை நைட்டி தைக்க அழைத்துப் போனார். அக்கா அளவெடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன பிள்ளேன்னு சொல்லு மக்ளே. நீ சொன்னா தப்பாதே" என்றார் மாமியார்.

அக்கா டேப்பைச் சுருட்டினார். "தப்பும் மாமி. எத்தனையோ தப்பியிருக்கும், ஒண்ணும் ஓர்ம இல்ல. ஆனா இவளுக்க மூத்ததுக்கு ஆணுன்னு சொன்னேன், பெண்ணாக்கும் வந்தது. அது மட்டும் மனச விட்டுப் போவல்ல. இவளுக்கு இனி நான் சொல்லமாட்டேன்."

என் மகளை மூத்தது என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். கடை என்றும் பாராமல் அழுதேன். மாமியார் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அதுக்கு தலை நிறைய முடி இருந்தது" என்றார் பிறகு. "கறுகறுன்னு, கழுத்து வரைக்கும்."

அந்த முடியை நான் மறந்தே போயிருந்தேன்.