சுவரில் ஒட்டிய கை

வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் வம்சத்தில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் நான். அதைக் கழற்ற மனசில்லாமல் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு மதியம்தான் பிரஸ்காரர் வந்தார். தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரத்தில் ஒன்பது வருஷம். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம்.

"தம்பி, வக்கீல் எங்க?"

"நானும் வக்கீல்தான்."

"சரி, பெரிய வக்கீல் வர்ற வரைக்கும் நீங்களே கேளுங்க."

வேலை வேகமாக நடக்கட்டும் என்று இயந்திரத்தின் காப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் ஆலை மேலாளர். விரல்கள் போனதும், "அவர் காண்டிராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றவரும் அவரே. காண்டிராக்டர் போனை அணைத்துவிட்டார்.

சமாதானமாகப் போகலாமா என்று பெரிய வக்கீல் கேட்டுப் பார்த்தார்.

"அந்த மேனேஜர் வாயாலயே நான் அவங்க ஆளுன்னு வரணும். அதுவரைக்கும் விடமாட்டேன்."

ஆனால் அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாம் காண்டிராக்டர் பேரில். கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அதே ஆலையில் தரை துடைக்கும் பிரஸ்காரரின் மனைவி ஒருநாள் சுருட்டிய தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். கட்டுப்போட்ட கையின் படம். கீழே அச்சில்: "நம் தொழிலாளி. நாம் பயிற்சி கொடுத்தும், நம் மேற்பார்வையாளர் எச்சரித்தும் கேட்காததன் விளைவு." மேலாளரின் கையெழுத்து. மற்றவர்களை மிரட்ட, இயந்திரத்துக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"நாலு மாசமா இதுக்குக் கீழதான் துடைக்கிறேன். இவர்கிட்ட சொல்ல வாய் வரல."

பிரஸ்காரர் தாளையே பார்த்தார். "தப்புன்னா நான் அவங்க ஆளு. வைத்தியம்னா அடுத்தவன் ஆளு. நல்லா இருக்குடி நியாயம்."

"இதைக் காட்டினா உங்க வேலை போயிடும்க்கா," என்றேன்.

"போகட்டும். கிழிச்சது நான்தான்னே சொல்லுங்க."

நஷ்டஈட்டு விசாரணையில், "இவர் முகமே பழக்கமில்லை" என்றார் மேலாளர். பெரிய வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தாளை மேலாளரிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னேன். முதல் வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"கேக்கல சார். இன்னொரு தடவை," என்றார் பின்னாலிருந்து பிரஸ்காரர்.

விசாரணை அதிகாரியும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

ஆலையே பொறுப்பு என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

அக்காவுக்கு வேலை போனது. இப்போது இருவரும் ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகல் கண்ணாடிச் சட்டத்தில் வாசலைப் பார்த்துத் தொங்குகிறது. மேலாளரின் கார் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறது.