கடைசி பெஞ்சு ஸ்தோத்திரம்

தாம்பரத்தில் நான் போகும் சபையில் ஞாயிறுதோறும் ஆண்டவர் செய்த நன்மைகளை எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கினோம், சிறுசேரியில் வேலை கிடைத்தது என்று ஒரே பெருமை. எனக்கு எரிச்சலாக வரும். கடைசி பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருக்கும் ஒரு ஒல்லி மனிதர் மட்டும், “ஆக்சிடென்ட் ஆன என் பொண்ணு இன்னும் கண்ணு முழிக்கல. ஸ்தோத்திரம்” என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் வாசலில் அவரை நிறுத்திக் கேட்டேன். “எதுக்கு சார் ஸ்தோத்திரம்? ஆண்டவர் என்ன செஞ்சு கிழிச்சாரு?”

“சொல்லலைன்னா திட்டிடுவேன் பிரதர். அவரையும் திட்டிட்டா, அப்புறம் நான் யார்கிட்ட போய் அழறது?”

மறுவாரமும் எழுந்தார். “என் பொண்ணு இன்னும்...” என்றவர் முடிக்காமல் அண்ணாந்து பார்த்தார். சபையே தரையைப் பார்த்தது. “ஸ்தோத்திரம்!” என்று நான்தான் கத்தினேன். எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அந்த மனிதர் திட்டிவிடக் கூடாதே என்ற பயம்தான்.