அடுத்த வீட்டுக்குப் போன முருகன்

எண்பதுகளின் நடுவில், ஆவடி குவார்ட்டர்சில் என்னைவிடச் சுதந்திரத்தை நேசித்தவர் யாரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் என்னையே கேட்டிருக்கலாம். கறுப்புச் சட்டையோடு வேலைக்கு வரக்கூடாது என்று ஃபோர்மேன் சொன்னதற்கு மூன்று பக்க மனு எழுதி ஜெயித்தவன் நான். ஞாயிறுதோறும் பட்டாபிராமில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கடவுளிடமிருந்து மனிதனுக்கும், ஆணிடமிருந்து பெண்ணுக்கும் விடுதலை வாங்கித் தருவது எங்கள் வேலை. பெண்கள் யாரும் வந்ததில்லை.

கல்யாணமாகி வந்தபோது மனைவி தன் டிரங்குப் பெட்டியில் ஒரு முருகன் படம் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். நான் கோபப்படவில்லை. முற்போக்காளன் கோபப்பட மாட்டான். ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்வான். நான் சொல்லி முடித்த மறுநாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவளாகவே தெளிந்து கழற்றிவிட்டாள் என்று கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சலோடு பாதி ஷிஃப்டில் வீடு திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு வெல்டர், ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

"உன் ஊட்டுக்காரம்மா உள்ளதான் கீது அண்ணாத்தே. குந்து. கற்பூரம் காட்டிக்கினு கீது."

"கற்பூரமா? யாருக்கு?"

"இன்னாப்பா இது, உங்க ஊட்டு முருகனுக்குத்தான். மூணு வருசமா எங்க சமையக்கட்டுலதான் கீறாரு." சவரக் கத்தியை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "உனுக்குத் தெரியாதா? சரி வுடு. அவரால ஒரு தொந்தரவும் இல்ல. வாயத் தொறந்து சோறுகூட கேக்க மாட்டாரு."

எட்டிப் பார்த்தேன். அலமாரியில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் அதே படம். திரும்பியவள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்தாள். அந்தக் கையசைவு எனக்குப் பழக்கமானது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நெற்றியைத் துடைத்துக்கொண்டேதான் எனக்குக் கதவு திறப்பாள். அடுப்படி வேர்வை என்று நினைத்திருந்தேன். என் சட்டையின் நிறத்துக்கு மூன்று பக்கம் எழுதியவனுக்கு, மூன்று வருஷம் ஒரு நெற்றியைப் படிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்ததும், "படத்தை இங்கேயே கொண்டுவந்து மாட்டிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். இதற்கும் யாராவது கைதட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் மிளகுக் கஷாயத்தை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "வேணாங்க. உங்க கூட்டத்து ஆளுங்க வருவாங்க. யாராவது ஒரு வார்த்தை கேட்டா மறுபடி கழட்டச் சொல்வீங்க. அங்கயே இருக்கட்டும். அவங்க வீட்ல யாரும் எதுவும் கேக்கறதில்ல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த ஞாயிறு கூட்டம் பட்டாபிராமில் இல்லை, எங்கள் வீட்டில்தான் என்று நானே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தது ஞாபகம் வந்தது. டம்ளரை வாங்கிக் கஷாயத்தை ஊதி ஊதிக் குடித்தேன்.