அத்தைக்குக் கோலம் வராது

எங்கள் அத்தைக்குக் கோலம் போட வராது. இதை நான் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கடல் தாண்டிப் போய்க் கோலம் கற்றுக்கொடுத்துவிட்டு வந்த ஓவிய ஆசிரியை அவள். நடுக்கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய புகைப்படமே அதற்குச் சாட்சி. மண்சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று தாமரையும் நெற்கதிரும், அதன் முன்னால் விரலெல்லாம் மாவு வழியச் சிரிக்கும் கென்யாக் குழந்தைகள், நடுவில் அத்தை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் வீடு. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் அப்பா முதல் ஆளாகப் படித்து, இரும்பு ஆலை ஒன்றில் சூப்பர்வைசர் ஆனார். வீட்டுக்குப் பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அந்த லைன் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒடிசாவிலிருந்து வந்து உலைக்களத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் ஊர் அகராதியில் அவர்கள் இந்திக்காரங்க. அவர்கள் பேசுவது இந்தி இல்லை என்று நான் சொன்னால், “எதுவா இருந்தா இன்னா, நமக்குப் புரியலல்ல” என்பார் அப்பா.

அத்தை அப்பாவின் தங்கை. தினமும் சென்னைக்கு ரயில் ஏறிப் போய் ஓவியம் படித்தவள். சனிக்கிழமை காலையில் எங்கள் கூடத்தில் வகுப்பு நடத்துவாள். ஆலை அதிகாரிகளின் பிள்ளைகளும் கடைத்தெருப் பிள்ளைகளும் வந்து பாயில் உட்கார்ந்து ஆப்பிளையும் குடத்தையும் வரைந்து நிழல் தீட்டுவார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே எப்போதும் ஒரு முகம் இருக்கும். அது ஜுனு, லைன் வீட்டுப் பெண். என் வயதுதான். பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள். அத்தை பலகையில் ஒரு கோடு இழுத்தால் ஜுனுவின் விரல் வெளிச்சுவரில் அதே கோட்டை இழுக்கும்.

“அத்தே, ஜுனுவையும் சேத்துக்கோயேன்” என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அத்தைக்கும் மனசு இல்லாமல் இல்லை. ஆனால் ஒருநாள் ஜுனு கதவுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். அதைப் பார்த்த ஒரு பையனின் அம்மா, “இன்னா மிஸ், இந்திக்காரப் பசங்களையும் சேத்துக்கினீங்களா? முன்னாடியே சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் எப்போது கேட்டாலும், “பாக்கலாம்டி” என்ற ஒரே பதில்தான்.

அந்த வருடம்தான் அத்தைக்கு வெளிநாடு போகும் யோகம் அடித்தது. ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டாக ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிய ஓர் அமைப்பு அவளைத் தேர்ந்தெடுத்தது. சொந்த ஊரின் கலை ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். “கோலம்தான்” என்று அத்தை சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கலர் கலரா பொம்ம போடுவா உங்க அத்த. கோலம் போட்டா மட்டும் மாவுல கோழி மேஞ்ச மாரி இருக்கும்” என்றாள்.

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அப்பா பின்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார். “வெள்ளையடிச்சு ஒரு வருஷம் ஆவல, செவுரு பூரா மாவப் பூசிக்கினு கீறாங்க!” நானும் அத்தையும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஜுனுவும் அவள் அம்மாவும் லட்சுமி பூசைக்காக அரிசிமாவைக் கரைத்துச் சுவரிலும் தரையிலும் வரைந்திருந்தார்கள். புள்ளியும் இல்லை, கம்பியும் இல்லை. மாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் பிழிந்து, விரல் வழியே ஒழுகவிட்டே தாமரை, நெற்கதிர், வாசலிலிருந்து உள்ளே நடந்துபோகும் குட்டிக் குட்டிப் பாதங்கள். அத்தை அப்பாவை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. “ஜுனு, சாயந்தரம் நம்ம ஊட்டுக்கு வரியா? எனக்கு இதச் சொல்லிக் குடு” என்றாள்.

ஜுனு தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள் என்றே அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் கூடத்துத் தரையில் அத்தையின் கையைப் பிடித்து அவள் பழக்கினாள். பாதம் போடும்போது அத்தை குதிகாலை வீட்டுப் பக்கம் வைத்துவிட்டாள். ஜுனு பதறிப்போய் அழித்தாள்.

“மிஸ், காலு உள்ள வர்ணும். வெளிய பாத்து போட்டா, இந்த ஊடு வாணான்னு லட்சுமி கோச்சுக்கினு போவுதுன்னு அர்த்தம்.”

கிளம்பும் அன்று அத்தை அவளுக்கு ஒரு கிரேயான் பெட்டி கொடுத்தாள். “நான் வந்ததும் மொத ஆளா உன்னத்தான் கிளாஸ்ல சேத்துக்குவேன்” என்றாள். ஜுனு அந்தப் பெட்டியின் மேலுறையைக்கூடப் பிரிக்கவில்லை. கிளாஸில்தான் பிரிப்பாளாம். பள்ளிக்குப் போகும்போதெல்லாம், “உன் அத்தை எப்ப வரும்?” என்று என் உயிரை எடுத்தாள். அந்தப் புகைப்படம் அம்மாவின் போனில் வந்தபோது முதலில் அவளுக்குத்தான் காட்டினேன். “எங்க அம்மா போடுற பூவு!” என்று குதித்தாள்.

அத்தை திரும்பி வந்ததும் தெருமுனையில் பேனர் வைத்தார்கள். அவள் வேலை பார்த்த பள்ளியில் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் அத்தை, “எங்க வீட்டுப் பெண்கள் வழிவழியாப் போட்டு வர்ற கோலம் இது. சின்ன வயசுலேயே என் கையில ஊறினது” என்று பேசினாள். கைதட்டல் காதைப் பிளந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து ஜுனுவும் தட்டினாள். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஜுனு எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பாயில் உட்கார்ந்தாள். மடியில் கிரேயான் பெட்டி. வெளிநாடு போய்வந்த மிஸ் என்று கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை குனிந்து ஜுனுவின் தோளில் கைவைத்து, தேன் ஒழுகச் சொன்னாள். “ஜுனுக்கண்ணு, நீ வாசல்ல அந்தக் கோலத்தப் போடேன். எல்லாரும் பாக்கட்டும்.”

ஜுனு சந்தோஷமாக எழுந்து போனாள். உள்ளே வகுப்பு முடிகிறவரை அவள் வெளியே வரைந்துகொண்டிருந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அவளுக்கு என்று தனிப்பாடம் நடக்கிறது என்று நான் நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு ஒரே ஒரு காகிதம், அவளுக்கு முழு வாசல்!

பிறகு ஒரு சனிக்கிழமை பத்திரிகையிலிருந்து படமெடுக்க ஒருவர் வந்தார். அத்தை விரலில் மாவைத் தொட்டுக்கொண்டு, ஜுனு போட்டு முடித்திருந்த தாமரையின் அருகில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றோம். ஜுனுவும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “நீ கொஞ்சம் அப்பால நில்லும்மா, நெழல் வுழுது” என்றார் அவர். ஜுனு அத்தையைப் பார்த்தாள். அத்தை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே வாசலில் கோலம் போட்டிருந்தது. அதுவரை அவள் போட்டதிலெல்லாம் அதுதான் அழகு. தெருக்கதவு வரைக்கும் தாமரை, கொடி, கதிர். ஜுனுவைத்தான் காணவில்லை. லைன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. “சொல்லாம கொள்ளாம காலி பண்ணிக்கினு போய்ட்டாங்க. அந்தாளு வேற மில்லுக்குப் பூட்டானாம்” என்று அப்பா கடுகடுத்தார். வகுப்பு நடக்கும் கூடத்து ஜன்னல் விளிம்பில், மேலுறை பிரிக்காமல், கிரேயான் பெட்டி இருந்தது.

நான் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரி, அவளுக்கே கை தவறிவிட்டதே!

“அத்தே, இங்க வந்து பாரேன்! ஜுனு தப்பா போட்டுட்டா. காலெல்லாம் நம்ம ஊட்லேந்து வெளிய போவுது!”

அத்தை வந்தாள். குனிந்து அந்தப் பாதங்களைப் பார்த்தாள். அவள் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பிள்ளைகள் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சின்னத் தப்புக்காக அவ்வளவு பெரிய கோலத்தை யாராவது அழிப்பார்களா? ஜுனுவிடம் சொன்னால் பாதத்தை மட்டும் திருத்திவிடுவாள். வீடு மாறிப் போனாலும் கிளாஸுக்கு வராமலா இருப்பாள்? அதைச் சொல்வதற்காக அடுத்த சனிக்கிழமை நான் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தேன்.